லில்லிச் செடியும் அதன் சிறுகுமிழும்

"வாழையடி வாழை" என்று வாழ்த்துவது தமிழர் வழக்கம். ஒரு குடி இடையறாது தழைக்கவேண்டும் என்பதே அவ்வாழ்த்தின் கருத்து. தோட்டத்து வாழைக்கு முளைக்கும் விதை இல்லை. எனினும் அதன் குலம் அற்றுப்போவதில்லை. தாய்மரம் குலை ஈன்று சாயுமுன்னரே அதன் அடியிற் கன்று தலைநீட்டிவிடும். அக்கன்றைத் தாயின் பிள்ளை என்று உலகம் சொல்லும். உண்மையில் அது தாயின் உடலிலிருந்தே கிளைத்த ஒரு கூறு. ஆகவேதான் கதலியின் கன்று கதலிக் குலையையே தரும். மொந்தனின் கன்று மொந்தனையே தரும். ஆனால் தாயின் சுவை மாத்திரமா கன்றுக்கு வருகின்றது? இலைகள் குறுகி உச்சியிற் கொத்தாய்க் குவியும் நோய் தாய்க்கு இருந்தால், அந்நோயும் கன்றோடு கூடவே வரும். அனுபவமுள்ள தோட்டக்காரன் கன்றைப் பார்க்குமுன் தாயைப் பார்ப்பது இதனாலேயே.

வாழைத் தோட்டத்து இந்த உண்மை, குளிர்நாட்டுப் பூந்தோட்டங்களுக்கும் பொருந்தும். அங்கே லில்லி எனப்படும் மலர்ச்செடிகளுட் சில, வாழை அடியிற் செய்வதைத் தண்டின் நடுவிலே செய்கின்றன. ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் கக்கத்திற் கரிய மணி போன்ற ஓர் உருண்டையை அவை ஈனுகின்றன. தாவரநூலார் அதனைச் சிறுகுமிழ் என்பர். ஒரு மணியை மண்ணில் இட்டால் ஒரு செடி. ஒரு கைப்பிடி மணியை இட்டால் ஒரு பாத்தி நிறைந்த செடிகள். செலவில்லாமற் செடி பெருக்கும் வழி இதனினும் எளிதாய் வேறில்லை. அந்த எளிமையினுள்ளே ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கின்றது.

முதலில் லில்லியின் உடலமைப்பை அறிதல் வேண்டும். மண்ணுக்குள் இருப்பது அதன் குமிழ். வெங்காயமும் ஒரு குமிழே. ஆயின் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வெங்காயத்தின் சதைப்பற்றான ஏடுகள் ஒன்றையொன்று முழுவதும் சூழ்ந்து, மேலே காய்ந்த தோலொன்றினால் மூடப்பட்டிருக்கும். லில்லிக்கு அத்தகைய மேற்றோல் இல்லை. மீன் செதில்களைப் போன்ற தடித்த செதிலிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். போர்வை இல்லாத இந்தக் குமிழ் காற்றுப்பட எளிதில் வாடிவிடும். வெங்காயத்தைப் போல மாதக்கணக்கிற் கட்டித் தொங்கவிடுவதற்கு அது ஏற்றதன்று.

சிறுகுமிழும் இதே அமைப்புடையதே. இலைக்கக்கத்தில் இருக்கும் அரும்பு கிளையாக நீளாமல், தன் செதிலிலைகளில் மாப்பொருளைச் சேமித்துக்கொண்டு உருண்டு திரள்கின்றது. பட்டாணிக் கடலை அளவான அந்த மணியைப் பிளந்து பார்த்தால், உள்ளே செதில்கள் அடுக்கப்பட்ட முழுக்குமிழொன்றின் சிற்றுரு தெரியும். மழைக்காலத்தில், தாய்த்தண்டில் இருக்கும்போதே சில மணிகள் வெள்ளை வேர்களை வெளியே நீட்டுவதும் உண்டு. பூவிற் கருவுற்றுத் தோன்றும் விதைக்கு மகரந்தம் தந்த செடி, சூலகம் தந்த செடி என இருவழி உரிமை உண்டு. சிறுகுமிழுக்கோ தாய்வழி ஒன்றே. அதனை விதை என்று எண்ணுவது தவறு. தாயின் ஒரு துண்டு என்று எண்ணுவதே பொருத்தம்.

சிறுகுமிழ் ஈனும் லில்லிகளுட் பெயர்பெற்றது புலி லில்லி. செம்மஞ்சள் நிற இதழ்கள் பின்னோக்கிச் சுருண்டு தலைப்பாகை போல வளைந்திருக்கும். இதழ்களின்மேற் கரும்புள்ளிகள் தெளித்தாற்போற் கிடக்கும். புலிக்கு வரிகள் உண்டு, புள்ளிகள் இல்லை. ஆகவே சிறுத்தை லில்லி என்று சொல்லுதலே கூடுதற் பொருத்தமாகும். எனினும் ஆங்கிலேயர் இட்ட பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. யப்பானியர் இதற்கு இட்ட பெயரின் பொருள் "பேய் லில்லி" என்பது. சீனத்திலும் யப்பானிலும் இது கண்ணுக்கு மாத்திரம் வளர்க்கப்பட்ட செடியன்று. அதன் குமிழை அவித்து உண்பதும் அங்கே நெடுங்கால வழக்கு. பூவிற்காக ஒருவர் நட்ட செடியை, உணவிற்காக இன்னொருவர் தோண்டினார்.

இச்செடி ஐரோப்பாவுக்குச் சென்ற கதையில் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவிலே தோட்டக்காரராக இருந்தவர் வில்லியம் கெர் என்னும் ஸ்கொத்லாந்தியர். சேர் யோசப் பாங்ஸ் என்னும் அறிஞரின் ஏற்பாட்டின்படி அவர் சீனத்தின் கன்ரன் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டார். அந்நாளிலே பிற நாட்டார் சீனத்தின் உட்பகுதிகளுக்குச் செல்ல அனுமதி இல்லை. வணிகர்க்கென ஒதுக்கிய எல்லைக்குள் இருந்துகொண்டு, அயலிலிருந்த செடி விற்கும் தோட்டங்களிலிருந்து கெர் செடிகளைச் சேர்த்தார். கப்பலேற்றிய இலைச்செடிகள் பல, மாதக்கணக்கான பயணத்தில் உப்புக்காற்றுப் பட்டு மடிந்தன. மண்ணுக்குள் உறங்கும் குமிழ் வகைகளுக்கே பிழைக்கும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. 1804 ஆம் ஆண்டில் கெர் அனுப்பிய புலி லில்லி கியூவில் வேரூன்றியது. அதன் சிறுகுமிழ்களைச் சேர்த்து நட்டு, 1812 ஆம் ஆண்டளவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளைக் கியூ பூங்கா பிறர்க்கு வழங்கிவிட்டதென்று தோட்டக்கலை வரலாறுகள் கூறும். எட்டே ஆண்டுகளில் ஒரு புதிய செடி நாடெங்கும் பரவியதற்குக் காரணம் அந்தக் கரிய மணிகளே.

அதே 1812 ஆம் ஆண்டில் கெர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். கொழும்பிலே கொம்பனித்தெருப் பகுதியில் அமைந்த அரசாங்கத் தாவரத் தோட்டத்தின் மேற்பார்வையாளராக அவர் நியமிக்கப்பட்டார். தாய்ப் பூங்காவின் பெயராலே அவ்விடமும் கியூ எனப்பட்டது; இன்றும் அப்பகுதியில் ஒரு வீதி அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1813 இல் அத்தோட்டம் களுத்துறைக்கு மாற்றப்பட்டது. பின்னர் 1821 இற் பேராதனையில் நிலைபெற்றது. பேராதனையைக் காணும்வரை கெர் வாழவில்லை. 1814 ஆம் ஆண்டில் அவர் இலங்கையிலேயே காலமானார்.

புலி லில்லி சிறுகுமிழையே பெரிதும் நம்பியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான லில்லிகளின் உயிர்க்கலங்களில் இருபத்துநான்கு நிறமூர்த்தங்கள் இருக்கும். பன்னிரண்டு தாயிடமிருந்தும் பன்னிரண்டு தந்தையிடமிருந்தும் வந்தவை. தோட்டங்களிற் பரவியுள்ள புலி லில்லிக்கோ முப்பத்தாறு நிறமூர்த்தங்கள் உண்டு. அதாவது, பன்னிரண்டு கொண்ட தொகுதிகள் மூன்று. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது நிறமூர்த்தங்கள் சோடி சோடியாகச் சேர்ந்து பிரிதல் வேண்டும். மூன்று பேரை இரண்டு இரண்டாக நிறுத்த முடியாது. ஒருவர் தனித்து நிற்பார். அந்தக் குழப்பத்தினாலே புலி லில்லி தன் மகரந்தத்தாற் கருவுற்று விதை கொள்வதில்லை. உண்ணும் வாழை வகைகளுட் பெரும்பாலானவை விதையின்றி இருப்பதற்கும் இத்தகைய மும்மடங்கு அமைப்பே காரணங்களுள் ஒன்று. யப்பானைச் சேர்ந்த சுசிமாத் தீவிலும் கொரியாவின் கரையோரங்களிலும் இருபத்துநான்கு நிறமூர்த்தமுடைய புலி லில்லிகள் இயற்கையாகவே உள்ளன. அவை விதையும் கொள்ளும், சிறுகுமிழும் ஈனும். உலகைச் சுற்றியதோ விதையற்ற மும்மடங்குச் செடியே.

இனிச் சிறுகுமிழிலிருந்து செடி வளர்க்கும் முறையைக் காண்போம் என்று இங்கிலாந்தின் தோட்டக்காரர் ஒருவரிடம் செல்பவர், அவர் மூன்று பருவங்களில் மூன்று வேலைகள் செய்வதைக் காண்பார்.

முதல் வேலை, பூக்கும் காலத்தில் தாயைத் தெரிதல். யூலை, ஓகத்து மாதங்களிலே செடி பூத்து நிற்கும்போது அவர் தோட்டத்தைச் சுற்றி வருவார். இலைகள் சீரான பச்சை நிறமுடையனவா, தண்டு நேராக நிற்கின்றதா, பூ வடிவு குன்றாமல் விரிந்துள்ளதா என்று பார்ப்பார். வெளிறிய கோடுகளும் திட்டுகளும் உள்ள செடியை, அதன் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒதுக்கிவிடுவார். தெரிந்தெடுத்த தாய்க்கு ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைப்பார். பெரிய மணிகள் வேண்டுமாயின், அச்செடியின் பூமொட்டுக்களை விரியுமுன்னரே கிள்ளிவிடுவதும் உண்டு. பூவுக்குப் போகவேண்டிய ஊட்டம் அப்போது மணிகளிற் சேரும்.

இரண்டாம் வேலை, மணிகளைச் சேர்த்து நடுதல். ஓகத்து இறுதியிலும் செத்தெம்பரிலும் தண்டு மஞ்சளிக்கத் தொடங்கும். விரலால் மெல்லத் தொட்டவுடன் மணி கையோடு வருமாயின் அது முதிர்ந்துவிட்டது என்பது பொருள். இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால், இன்னும் சில நாள் பொறுத்திருத்தல் வேண்டும். பறித்த மணிகளை உலரவிடாமல் உடனே நடுதல் நன்று. நீர் தேங்காத சாடியொன்றில், தோட்டமண்ணும் மக்கிய இலையும் பருமணலும் கலந்த கலவை இடப்படும். அதன்மேல் ஓரங்குல இடைவெளியில் மணிகளைப் பரப்பி, அரை அங்குல அளவுக்கு மணலால் மூடி, நீர் தெளிப்பர். சாடியின்மேற் செடியின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்பது சிறிய வேலை. ஆயின் அதைச் செய்யாதவர், இரண்டாண்டு கழித்து, எந்தத் தாயின் மணி எந்தச் சாடியில் உள்ளதென்று தெரியாமல் வருந்துவர்.

மூன்றாம் வேலை, பொறுத்திருத்தல். குளிர்காலம் முழுவதும் சாடியில் எந்த அசைவும் தெரியாது. இளவேனிலில் ஒவ்வொரு மணியிலிருந்தும் பெரும்பாலும் ஒரே ஓர் இலை எழும். புல் என்று எண்ணிப் பிடுங்கிவிடுவோர் பலர். அந்த ஒற்றை இலை ஆண்டு முழுவதும் உழைத்து, மண்ணுக்குள் இருக்கும் குமிழைப் பருக்கச் செய்யும். இரண்டாம் ஆண்டிலே சிறு தண்டு தோன்றும். அதன்பின் குமிழ்களைப் பாத்திக்கு மாற்றலாம். புலி லில்லி குமிழின் அடியில் மட்டுமன்றி, குமிழுக்கு மேலே உள்ள தண்டிலும் வேர்விடும் இயல்புடையது. ஆகையால், வளர்ந்த குமிழை ஐந்தாறு அங்குல ஆழத்தில் நடுதல் வேண்டும். நல்ல பராமரிப்பு இருந்தால் மூன்றாம் ஆண்டளவிற் செடி பூக்கும்.

புலி லில்லி ஒன்றுதான் இவ்வாறு ஈனுவது என்று கொள்ளலாகாது. ஐரோப்பாவின் மலைநாடுகளில் வளரும் செம்மஞ்சள் லில்லி ஒன்றுக்கு, 1753 ஆம் ஆண்டில் லின்னேயசு இட்ட தாவரவியற் பெயரே "குமிழ் தாங்குவது" எனப் பொருள்படும். மேற்குச் சீனத்து வெண்ணிறக் குழல்மலர் லில்லியாகிய சார்ஜென்ற் லில்லியும் இலைக்கக்கங்களில் மணிகளை ஈனும். இயல்பாக ஈனாத சிலவற்றையும் ஈனச் செய்யலாம். கன்னி மரியாளின் தூய்மைக்கு அடையாளமாக ஓவியங்களில் வரையப்படும் வெள்ளை லில்லி அத்தகையது. அதன் பூந்தலையை நீக்கிவிட்டால், தண்டின் இலைக்கக்கங்களிற் சிறுகுமிழ்கள் தோன்றக்கூடும். மேலும், பல லில்லிகள் மண்ணுக்குள் இருக்கும் தண்டுப்பகுதியிலும் சிறுகுமிழ்களை உண்டாக்கும். இடம் வேறாயினும் இயல்பு ஒன்றே: எல்லாம் தாயின் துண்டுகள்.

தாயின் துண்டாக இருப்பதாற் பெரும் நன்மை உண்டு. தாயின் நிறமும் உயரமும் பூக்கும் காலமும் அணுவளவும் மாறாமல் வரும். அதே காரணத்தால் வரும் தீமையைத்தான் தோட்டக்காரர்கள் நெடுங்காலம் அறியாதிருந்தனர். அதனைத் தெளிவாக்கியது அத்திலாந்திக் கடலிலுள்ள பெர்மியூடாத் தீவு.

யப்பானின் தெற்குத் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட வெண்ணிறக் குழல்மலர் லில்லி ஒன்று, உயிர்த்த ஞாயிறு விழாவிற் கோயில்களை அலங்கரிப்பதற்கு அமெரிக்காவிற் பெரிதும் வேண்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பெர்மியூடா விவசாயிகள் அக்குமிழ்களைப் பெருக்கிக் கப்பலேற்றிப் பொருளீட்டினர். பின்னர் செடிகள் குன்றின, இலைகள் சுருண்டன, பூக்கள் சிறுத்தன. ஏற்றுமதி வீழ்ந்தது. மண்ணையும் பயிரிட்ட முறையையும் குறைகூறினர். 1923 இல் அத்தீவுக்கு வந்த தாவர நோயியலறிஞர் லோறன்ஸ் ஒகில்வி, நோய்க்குக் காரணம் வைரசு என்றும், அதனைச் செடிக்குச் செடி கொண்டு செல்வது அழுக்கணவன் என்னும் சிறுபூச்சி என்றும் கண்டறிந்தார். நோயுற்ற செடிகளின் குமிழ்களையே மீண்டும் மீண்டும் நட்டதால், விவசாயிகள் தம்மையறியாமல் நோயையும் பயிரிட்டு வந்தனர். வயல்களைப் பரிசோதித்து நோய்ச்செடிகளைப் பிடுங்கியெறிந்த பின்னர் வணிகம் மீண்டும் எழுந்தது. 1927 ஆம் ஆண்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளில் குமிழ்கள் ஏற்றுமதியாயின.

பெர்மியூடாச் செடிகள் தம் நோயை வெளியே காட்டின. ஆகையாற் பிடுங்கியெறிய முடிந்தது. புலி லில்லியின் இயல்பு வேறு. வைரசு அதன் உடலிற் புகுந்தாலும், பெரும்பாலும் அது வாடுவதில்லை, இலை வெளிறுவதில்லை, வழமைபோற் பூத்து, வழமைபோல் மணிகளை ஈனும். அந்த மணிகளிலும் வைரசு இருக்கும். அழுக்கணவன் புலி லில்லியின் சாற்றை உறிஞ்சிய வாயோடு, பக்கத்திலிருக்கும் வேறொரு லில்லியிற் சென்று அமரும். யப்பானின் பொன்வரி லில்லி போன்றவை அந்நோயைத் தாங்கமாட்டா; சில பருவங்களுள் மடிந்துபோகும். புலி லில்லியோ எதுவும் நடவாததுபோல நிற்கும். தோட்டக்காரர் இறந்த செடியின் மண்ணைச் சோதிப்பார், எருவைச் சோதிப்பார். நலமாக நிற்கும் செடியைச் சந்தேகிக்க அவர்க்குத் தோன்றாது.

அயலவர் அன்போடு தரும் ஒரு கைப்பிடி மணிகளை மறுப்பது கடினம். மறுக்கவேண்டும் என்பதும் இல்லை. மூன்று விதிகளைக் கைக்கொண்டாற் போதும். புலி லில்லியை மட்டும் வளர்ப்பவர் தாராளமாக ஏற்று நடலாம். வேறு லில்லிகளையும் வளர்ப்பவர், புலி லில்லியை அவற்றினின்றும் இயன்ற அளவு தொலைவில் நடுதல் வேண்டும். அழுக்கணவன் தோன்றியவுடன் அதனை ஒழித்தலும் வேண்டும். புதிய தோட்டம் தொடங்குபவர், விதை கொள்ளும் லில்லி வகைகளை விதையிலிருந்தே எழுப்புதல் நன்று. ஏனெனில், லில்லியின் வைரசு நோய்கள் பொதுவாக விதையினூடு செல்வதில்லை. விதை, தாயின் குணத்தை அப்படியே தராது. ஆயின் தாயின் நோயையும் பெரும்பாலும் தராது.

விதையற்ற செடியை நோயினின்றும் மீட்கவும் வழி பிறந்தது. 1952 ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு அறிஞர்களாகிய ஜோர்ஜ் மொறல், குளோட் மார்ட்டின் என்போர், வைரசு பீடித்த டேலியாச் செடியின் நுனிமுளையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துணுக்கொன்றை வெட்டியெடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தனர். வேகமாகப் பிரிந்து வளரும் அந்த நுனியை வைரசு பெரும்பாலும் எட்டுவதில்லை. அதிலிருந்து நோயற்ற செடி கிடைத்தது. லில்லிகளையும் இம்முறையால் நோய்நீக்கிப் பெருக்குவது பின்னர் வழக்கமாயிற்று. சோதித்து நோயற்றதெனக் கண்ட தாயை முதலில் வாங்கி, அதன்பின் அதன் மணிகளைத் தாமே நட்டுப் பெருக்குவோர்க்குச் சிறுகுமிழ் மீண்டும் நல்ல நண்பனாகிவிடுகின்றது.

கொழும்பின் தாழ்நில வெப்பத்தில் இச்செடி தழைக்காது; குளிர்காலத்து உறக்கம் அதற்கு வேண்டும். ஆயினும், அதனைக் கப்பலேற்றி அனுப்பிய கெர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தது இந்த வெப்பத்திலேதான். அவர் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. புலி லில்லியோ விதையின்றி, ஒரு மணியிலிருந்து மறுமணியாக, கோடைதோறும் பூத்துக்கொண்டே இருக்கின்றது. தாயின் அழகும் குறையவில்லை. தாயின் நோயும் தானாக நீங்கவில்லை. ஒரு மணியைக் கையில் எடுப்பவர் அது எந்தத் தாயிடமிருந்து வந்தது என்று முதலிற் கேட்டல் வேண்டும். வாழைக்கன்று நடுகின்ற உழவர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கேள்வியும் அதுவே.